விரல் பட்டா பாடும் பெட்டி

மேடையில ஒருத்தர் லேப்டாப் முன்னாடி நிக்கிறார். அரங்கமே அதிருது. ஆனா அவர் வாசிக்கிறாரா, மெயில் பார்க்கிறாரான்னு நமக்குத் தெரியல. வயலின்னா வில் இழுக்கிற கையைப் பார்க்கிறோம், டிரம்ஸ்னா வியர்வையைப் பார்க்கிறோம். மின்னணு இசையில அந்த உடம்பு எங்கே போச்சு?

இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே கையில எடுத்தவர் மிஷேல் வைஸ்விஸ். நெதர்லாந்துக்காரர். ஆம்ஸ்டர்டாமில் 1969-ல் தொடங்கப்பட்ட ‘ஸ்டைம்’ என்ற மின்னணு இசைக்கூடத்தோடு அவர் பெயர் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிட்டது.

1970-களின் நடுவில் வந்தது அவருடைய ‘கிராக்கிள் பாக்ஸ்’. கையடக்கமான மரப்பெட்டி. உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர் சிப், 9 வோல்ட் பேட்டரி, சின்ன ஸ்பீக்கர். மேலே 6 உலோகத் தகடுகள், அவ்வளவுதான். திருகக் குமிழ் கிடையாது. ரெண்டு தகட்டைத் தொட்டா, மின்சாரம் உங்க தோல் வழியா ஓடும். சிப்பிலிருந்து வெளியே வர்ற சிக்னல் மறுபடி உள்ளேயே போகும். பெட்டி கத்த ஆரம்பிக்கும். அழுத்தினா மின்தடை குறையும், சத்தம் மாறும். விரல் ஈரமா இருந்தா வேற சத்தம். அதாவது, சர்க்யூட்டில் விடுபட்டிருந்த பாகமே நீங்கதான்!

1983-ல் மிடி வந்தது: எந்தக் கருவியும் எந்த சிந்தசைசரோடும் பேசறதுக்கான பொது மொழி. அடுத்த வருஷமே வைஸ்விஸ் ‘தி ஹேண்ட்ஸ்’ஸை மேடையேத்தினார். ரெண்டு கையிலும் மாட்டிக்கிற சட்டம். விரலுக்கடியில் பொத்தான்கள், கையின் சாய்வையும் ரெண்டு கைக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளக்கிற சென்சார்கள். கை விரிஞ்சா இசையும் மாறும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற விஷயம். வீட்டுல கருவி செய்யறவங்களுக்கு ஒரு நோய் உண்டு: இன்னொரு சென்சார், இன்னொரு பொத்தான்னு சேர்த்துக்கிட்டே போவாங்க. வாசிக்கவே மாட்டாங்க. வைஸ்விஸ் ஒரு கட்டத்தில், போதும், இனி மாத்தப் போறதில்லைன்னு முடிவெடுத்து, இருக்கிறதை வச்சுப் பயிற்சி பண்ணினார். 2008-ல் இறக்கும்வரை அந்தக் கைகளோடுதான் அவர் பெயர் பேசப்பட்டது.

1991-ல் லெட்டீஷியா சோனாமி சமையலறை ரப்பர் கையுறையில் காந்தமும் சென்சாரும் ஒட்டித் தன் கருவியைச் செய்தார். பிறகு அதைப் பல முறை மாத்தினாலும், அந்த ஒரே யோசனையோடு இருபது வருஷத்துக்கு மேல வாழ்ந்தார்.

2005-ல் இத்தாலியில் ஆர்டுயினோ வந்த பிறகு, இதெல்லாம் மாணவர்கள் மேசையிலேயே சாத்தியம். கருவி செய்யறது சுலபமாயிடுச்சு. அதோட பத்து வருஷம் உட்காரறது மட்டும் இன்னும் சுலபமாகல. அங்கேதான் இசை ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.