உறைமேல் இருந்த எண்

1963 ஜூலை 1 அன்று அமெரிக்க அஞ்சல் துறை ஐந்திலக்க 'ஜிப்' எண்ணை அறிமுகப்படுத்தியபோது, கடிதங்களை விரைந்து பிரிப்பதே அதன் வேலை. அது இரகசியமன்று, உறையைப் பார்க்கும் எவரும் படிக்கலாம். அவ்வெண்ணே பின்னாளில் அந்நாட்டுப் பெட்ரோல் பம்புகளில் கடன் அட்டைக்காரரிடம் கேட்கப்படும் கேள்வியாயிற்று.

ஆளில்லாப் பம்பில் கையெழுத்தை ஒப்பிட எவருமில்லை. ஆகவே, அழுத்தும் எண் வங்கியிலுள்ள முகவரியோடு ஒப்பிடப்படுகிறது. அட்டையைத் திருடியவனுக்கு வீடு தெரியாது என்பது கணக்கு. (பணப்பையையே திருடியவனுக்கு, உள்ளிருக்கும் ஓட்டுநர் உரிமம் அதையும் சொல்லிவிடும்.)

2011 பிப்ரவரியில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், கடைக்காரர் அட்டைக்காரரிடம் இவ்வெண்ணைக் கேட்டுப் பதிவது அம்மாநிலச் சட்டம் தடுக்கும் தனிமனித விவரச் சேகரிப்பே என்றது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. மோசடித் தடுப்புக்கு மட்டும் கேட்கும் பம்புகள் விலக்குப் பெற்றன.

அயலார் பாடுதான் திண்டாட்டம். கனடியக் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் மாறிமாறி வரும். பம்பிலோ எண் பொத்தான்களே. மூன்று எண்களோடு இரு சுழியம் சேர்ப்பது அவர்கள் கையாளும் உபாயம். பல வேளைகளில் பலிக்கும். 1972இல் வந்த நம் பின்கோடோ ஆறிலக்கம். அதை வைத்திருப்பவர் உள்ளே போய்க் காசாளரிடம் முன்பணம் கட்டிவிட்டுத்தான் வண்டிக்குத் திரும்பவேண்டும்.