பள்ளிமேட, குருமனை, லயம்: வேலையோடு வரும் வீடுகள்

சாந்தன்பாறைப் பகுதியில் ஒரே வகை வீட்டிற்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. பங்குத்தந்தை வாழும் வீட்டை மலையாளக் கத்தோலிக்கர் 'பள்ளிமேட' என்பர். தென்னிந்தியத் திருச்சபைத் தமிழர் 'குருமனை' என்றோ 'பார்சனேஜ்' என்றோ கூறுவர். 'மேட' நம் 'மேடை'யின் உறவுச்சொல். மாடிவீடு என்ற பழைய பொருளை மலையாளம் காத்து வைத்திருக்கிறது. 'பள்ளி' என்பது தேவாலயம். 'குரு', 'பார்சன்' இரண்டும் பதவியைச் சுட்டுவன. குடியிருப்பவரின் பெயர் எதிலும் இல்லை.

வீட்டின் உரிமையும் அவ்வாறே அமைந்தது. மணம் செய்யாத கத்தோலிக்கக் குரு மாற்றலானால் பெட்டியோடு புறப்பட்டுவிடலாம். சீர்திருத்தத்திற்குப் பின் இங்கிலாந்தில் குருமார் மணம் செய்துகொண்டபோது புதிய சிக்கல் எழுந்தது: குரு இறந்ததும் அவர் மனைவி அடுத்த குருவுக்கு வீட்டை ஒழித்துத் தர வேண்டும். ரோச்செஸ்டர் ஆயர் ஜான் வார்னர் தம் உயில்வழி விட்டுச்சென்ற பொருளால் 1666இல் தோன்றிய பிராம்லி கல்லூரி, பெயரளவில்தான் கல்லூரி. உண்மையில் அது குருமாரின் கைம்பெண்கள் 20 பேருக்கான இல்லம்.

இம்மரபு மிஷன் பங்களாக்களாகத் தமிழகம் வந்தது. 1838இல் சென்னைக்கு வந்த கால்டுவெல், 1841இல் எஸ்.பி.ஜி. மிஷன் ஊழியராக இடையன்குடியில் குடியேறினார். 1844இல் எலைசா மால்ட்டை மணந்தார். அவ்வூரில் வாழ்ந்த காலத்தில்தான், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. மொழியியல் பயின்ற என் போன்றோருக்கு அந்த மிஷன் வீடு ஒரு பாடசாலை. நாற்பதாண்டுக்கு மேல் அவர் வாழ்ந்த அவ்வூர் இல்லத்தைத் தமிழக அரசு 2011இல் நினைவில்லமாக்கியது. தமக்குச் சொந்தமல்லாத வீடு இன்று அவர் பெயரால் நிற்கிறது.

இதை எழுதுகையில் எங்கள் மலையின் லயங்களே கண்முன் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளும் வேலையோடு வருபவை. ஓய்வு பெற்றவர் வீட்டை ஒழித்துத் தர வேண்டும். அதற்கு அஞ்சியே பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்குச் சேர்வதும் உண்டு. குருமனைச் சுவரில் அங்குப் பணியாற்றிய குருமாரின் பெயர்ப்பட்டியலாவது தொங்கும். லயத்தில் வாழ்ந்து சென்றவர்களை எந்தச் சுவரும் குறித்து வைக்கவில்லை. அவர்களுக்கென ஒரு பிராம்லி எழவுமில்லை.

உங்கள் ஊரில் குருவின் வீட்டை எச்சொல்லால் அழைப்பர்? அறிந்தோர் எழுதுங்கள்.