சரக்குந்துக் குளிரூட்டி மறுபொருத்தம்

சரக்குந்துக் குளிரூட்டி மறுபொருத்தம் என்பது, பழைய சரக்குந்து (லாரி) ஒன்றின் ஓட்டுநர் அறையில் புதிய வகைக் குளிரூட்டி (ஏ.சி.) உறுப்புகளைப் பொருத்துவதையோ, முன்னரே உள்ள குளிரூட்டியைப் புதிய குளிர்பதன வளிமத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பதையோ குறிக்கும். இந்தியாவில் 2025இல் தொடங்கி, புதிதாகத் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைகளுக்குக் குளிரூட்டி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2023 டிசம்பரில் வெளியான இவ்விதி, அதற்கு முன் தயாரான வண்டிகளுக்குப் பொருந்தாது. அவற்றின் ஓட்டுநர்களுக்கு மறுபொருத்தமே வழியாகும்.

பின்னணி

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களின் வழியே செல்கின்றது. இங்கு கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். முற்காலத்தில் அசோக் லேலண்ட், டாட்டா போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அடிச்சட்டத்தையும் (சேசிஸ்) எஞ்சினையும் மட்டுமே விற்றன. ஓட்டுநர் அறையை நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் கூண்டு கட்டும் பட்டறைகள் மரத்தாலும் தகட்டாலும் அமைத்தன. இவ்வறைகளில் இடுக்குகள் மிகுதி. எஞ்சின் அறைக்குள்ளேயே அமைந்த வண்டிகளில் அதன் வெப்பமும் ஓட்டுநரையே சேரும். ஆகவே எஞ்சின் மூடிக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்பு இடாமல் குளிரூட்டி மட்டும் பொருத்துவது பெருமளவு வீண் செலவே.

வளிம மாற்றம்

பழைய குளிரூட்டிகளில் ஆர்-12 எனும் குளோரோபுளோரோகார்பன் பயன்பட்டது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி வளரும் நாடுகள் 2010இல் இதனைக் கைவிட்டன. இதன் இடத்தைப் பெற்ற ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் புவி வெப்பமாதலில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1400 மடங்கு ஆற்றல் உடையது.

பழைய வளிமத்தை வெளியேற்றிப் புதியதை நிரப்பினால் போதும் என்பது பரவலான தவறான எண்ணமாகும். பழைய அமுக்கியில் (கம்பிரசர்) உள்ள கனிம எண்ணெய் ஆர்-134ஏ உடன் கலப்பதில்லை. அதனால் எண்ணெய் அமுக்கிக்குத் திரும்பாமல் குழாய்களிலேயே தங்கி, அமுக்கி உலர்ந்து பழுதடையும். எனவே அமைப்பைக் கழுவி, பாலி ஆல்கைலீன் கிளைக்கால் எண்ணெயையோ எசுத்தர் எண்ணெயையோ இடவேண்டும். பழைய எச்சங்களைச் சற்றுத் தாங்குவதால் மறுபொருத்தத்திற்கு எசுத்தர் எண்ணெய் ஏற்றது. ஈரம் உறிஞ்சும் உலர்த்தி, இரப்பர் வளையங்கள், குழாய்கள் ஆகியனவும் ஆர்-134ஏக்கு உரியனவாக இருத்தல் வேண்டும்.

கடும் வெப்பத்தில் ஆர்-134ஏயின் அழுத்தம் ஆர்-12ஐ விட அதிகம். பழைய ஒடுக்கி (கண்டென்சர்) இதற்குப் போதாது. இணையோட்டக் குழல்கள் கொண்ட அலுமினிய ஒடுக்கியும் வலுவான விசிறியும் தேவை. வளிமத்தின் அளவு பழையதில் 80 முதல் 90 விழுக்காடு இருந்தால் போதும். நிரப்புவதற்கு முன் வெற்றிட எக்கியால் காற்றையும் ஈரத்தையும் நீக்க வேண்டும். செலவைக் குறைக்க சமையல் எரிவாயுவை நிரப்புவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

பெரும்பாலான பழைய இந்தியச் சரக்குந்துகளில் குளிரூட்டியே இருந்ததில்லை. இவற்றில் அமுக்கிக்கான தாங்கி, வார்ப்பட்டைக் கப்பி முதலியவற்றைப் புதிதாகச் செய்து பொருத்த வேண்டியுள்ளது. அமுக்கியின் மின்காந்தக் கிளட்சு, வண்டியின் மின்னமைப்புக்கேற்ப 12 அல்லது 24 வோல்ட்டு உடையதாக இருத்தல் அவசியம்.

தோல் சுமையும் ஒடுக்கியும்

பச்சைத் தோல்கள் உப்பிட்டுக் கொண்டுவரப்படுகின்றன. சுமையிலிருந்து வடியும் உப்புநீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தைத் துளைபோல் அரிக்கும். மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு வளிமம் செப்புக் குழாய்களை அரிக்கும். ஆகவே இத்தகைய வண்டிகளில் ஒடுக்கியைச் சுமைப்பெட்டியின் அடியில் வைப்பதை விட, முன்புறத்திலோ கூரையின் மேலோ வைப்பதே நல்லது. அறையின் காற்றையே சுழற்றும் ஏற்பாடு இருந்தால் சுமையின் நாற்றமும் உள்ளே இழுக்கப்படுவது குறையும்.

எரிபொருள்

அமுக்கி எஞ்சினால் இயங்குவதால், வண்டி நின்றிருக்கும்போது குளிர் வேண்டுமெனில் எஞ்சினையும் ஓடவிட வேண்டும். தோல் பதனிடும் ஆலையின் வாயிலில் இறக்குமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எரியும் டீசலுக்கு உரிமையாளர் பொறுப்பா, ஓட்டுநர் பொறுப்பா என்பது வண்டி தோறும் வேறுபடும். ஓட்டுநரே ஏற்க நேர்ந்தால், குளிரூட்டி இருந்தும் அவர் அதனை நிறுத்தியே வைப்பார். மின்கலத்தால் இயங்கும் 24 வோல்ட்டு மின் அமுக்கி கொண்ட கூரைக் குளிரூட்டிகள் இதற்கு மாற்றாக உள்ளன. இவற்றுக்குக் கூடுதல் மின்கலங்களும், அவற்றை மின்னேற்றப் போதிய ஆற்றலுள்ள மின்னாக்கியும் தேவைப்படும்.