ஊவா தோட்டப் பாடசாலைகளில் கற்பித்தல் தொழில்நுட்பம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், சிறப்பாகப் பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்துள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் கணினியையும் இணையத்தையும் கைக்கொண்ட வரலாறு, நாட்டின் நகரப் பாடசாலைகளினதைவிடப் பிந்தித் தொடங்கியது. இப்பிந்துகையின் வேர் கருவிகளின் விலையில் மட்டுமன்றி, கணினிக்கு முக்கால் நூற்றாண்டு முந்திய சட்டங்களிலும் கிடக்கிறது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. அதன் விளைவாகப் பெருகியவை, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் ஓர் அறையிலோ வாசலிலோ ஓராசிரியர் பல வகுப்புகளையும் சேர்த்து நடத்திய 'லயப் பள்ளிக்கூடங்கள்'. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கீழேயே விடப்பட்டன. பெருந்தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் இவை படிப்படியாக அரச பாடசாலைகளாயின. ஆகவே, 1983இல் இலங்கை தனது முதலாவது தேசியக் கணினிக் கொள்கையை வகுத்தபோது, ஊவாவின் தோட்டப் பாடசாலை பலவற்றின் முதன்மைத் தேவை சுவரும் கூரையும் பயிற்றப்பட்ட ஆசிரியருமாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய, சுவீடனின் சீடா நிறுவனம் உதவிய தோட்டப் பாடசாலை மேம்பாட்டுத் திட்டமும் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்குமே முன்னுரிமை தந்தது. அது பிழையான முடிவன்று.

கணினி வந்தபோது அது பாடசாலை வகையைப் பின்பற்றியே வந்தது. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி, கலை அல்லது வர்த்தகப் பிரிவு மட்டும் உள்ளவை 1சி, பதினோராம் தரம் வரையானவை 2ஆம் வகை, கீழ் வகுப்புகளோடு நிற்பவை 3ஆம் வகை எனப் பாடசாலைகள் பிரிக்கப்படுகின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் 2000இல் தொடங்கிய இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டத்தின் கணினிக் கற்றல் நிலையங்களும், ஆயிரம் இடைநிலைப் பாடசாலைத் திட்டத்தின் கீழ் 2012 அளவில் எழுந்த மகிந்தோதய ஆய்வுகூடங்களும் இடைநிலைப் பாடசாலைகளையே இலக்காகக் கொண்டவை. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரு வகைகளுக்குள் அடங்கியதால், பதுளை சரஸ்வதி, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி போன்ற நகரப் பாடசாலைகளுக்குச் சென்று சேரும் தோட்ட மாணவருக்கே அக்கருவிகள் எட்டின.

தொழில்நுட்பத்தைப் பாடசாலைகள் உள்வாங்கும் போக்கை யுனெஸ்கோ 2002இல் அறிமுகம், பயன்பாடு, ஊடுருவல், உருமாற்றம் என நான்கு படிகளாக வகுத்தது. கருவி வந்து சேர்வது முதற்படி. எல்லாப் பாடங்களிலும் அது கலந்துவிடுவது மூன்றாம் படி. இலங்கையில் கணினி, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்னும் தனிப் பாடமாகவும் பூட்டி வைக்கப்படும் தனி அறையாகவுமே முதலில் நிலைபெற்றதால், கணிதமோ தமிழோ கற்பிக்கும் ஆசிரியரின் கைக்கு அது எளிதில் வரவில்லை. படிகளின் வரிசையும் எப்போதும் ஒழுங்காக அமைவதில்லை என்பதற்கு அடுத்துவந்த காலமே சான்று.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டதும், ஆய்வுகூடம் கண்டிராத பாடசாலைகளின் ஆசிரியர்களும் வாட்ஸ்அப் வழியே பாடம் அனுப்ப நேர்ந்தது. நேத்ரா தொலைக்காட்சி தமிழில் பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் மலைச்சரிவுகளில் அலைபேசிச் சமிக்ஞை எட்டவில்லை. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் சமிக்ஞை தேடி மலையேறியதும், லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் காட்டு மரமொன்றின் மீது கட்டிய குடிலிலிருந்து பாடம் கேட்டதும் 2021இல் உலகச் செய்தியாயின. நாட்டின் மாணவரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினரே இணையவழி வகுப்பில் பங்குபெற முடிந்ததென இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது மதிப்பிட்டது. ஒரே கைத்தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிரும் லயக் குடும்பத்தில், கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் அதனை உடன் எடுத்துச் சென்றால் அன்றைய வகுப்பு மாலைக்குத் தள்ளிப்போகும் என்பதை இத்தகைய மதிப்பீடுகள் காட்டுவதில்லை.

அண்மைய முயற்சிகளுள், இந்திய அரசின் நன்கொடையில் பெருந்தோட்டப் பகுதிகளின் ஒன்பது பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டம் குறிப்பிடத்தக்கது. அவற்றுள் ஆறு மத்திய மாகாணத்துக்கும், ஊவா, சப்ரகமுவ, தென் மாகாணங்களுக்கு ஒவ்வொன்றும் ஒதுக்கப்பட்டன.