ஈக்யூ, ரிவெர்ப் ப்ளக்இன்: வீட்டில் பாட்டு மிக்ஸ் செய்பவர்கள் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயில், அதை ஒட்டிய பெரிய குளம், சுற்றிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள். பகலில் டெக்னோபார்க்கில் வேலை, இரவில் லேப்டாப்பில் இசை என்று இருக்கும் ஒருவர் இங்கே வசிப்பதாக வைத்துக்கொள்வோம்.

அவருடைய பாட்டிக்கு 80 வயது தாண்டிவிட்டது. பாட்டி நவராத்திரிக்குப் பாடும் கீர்த்தனையை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை. மைக் வாங்கியாச்சு, பாட்டி பாடியும் ஆச்சு. ஹெட்போனில் கேட்டால் குரல் ஏதோ தகர டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கிறது.

உடனே எழும் கேள்வி: எந்த ஈக்யூ வாங்கலாம், எந்த ரிவெர்ப் வாங்கலாம்?

சுருக்கமான பதில் இதுதான். ஈக்யூவுக்குக் காசு செலவழிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ரிவெர்ப் ப்ளக்இன்கள் ஒன்றுக்கொன்று நிஜமாகவே வேறுபடும், அதனால் அங்கே யோசித்துத் தேர்வு செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது பாட்டி உட்கார்ந்து பாடும் அறை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈக்யூ, ரிவெர்ப்: என்ன வித்தியாசம்?

மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த எல்லைக்குள் எந்தப் பகுதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிக்கும் கருவி ஈக்வலைசர், அதாவது ஈக்யூ. இன்று எல்லா மென்பொருளிலும் இருக்கும் 'பாராமெட்ரிக்' வகை ஈக்யூவை 1972-ல் ஜார்ஜ் மாசன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். எந்த இடம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஏற்ற இறக்கம் என்ற மூன்று குமிழ்கள்தான் அதன் அடிப்படை.

ரிவெர்ப் என்பது இடத்தின் ஒலி. பாடி நிறுத்திய பிறகும் சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி, தேய்ந்து மறையும் அந்த வால். ஒலி 60 டெசிபெல் குறைய எத்தனை நொடி ஆகிறதோ, அதுவே அந்த இடத்தின் ரிவெர்ப் நேரம்.

விலை உயர்ந்த ஈக்யூ வேறு மாதிரி ஒலிக்குமா?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பாட்டை இரண்டு ட்ராக்கில் போடுங்கள். ஒன்றில் மென்பொருளோடு இலவசமாக வந்த ஈக்யூ, இன்னொன்றில் விலை கொடுத்து வாங்கிய ஈக்யூவின் டெமோ. இரண்டிலும் ஒரே வளைவை அமைத்துவிட்டு, ஒரு ட்ராக்கின் 'பொலாரிட்டி'யைத் தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிச்சம் கேட்பதுதான் அவற்றுக்கு இடையிலான உண்மையான வித்தியாசம்.

சாதாரண டிஜிட்டல் ஈக்யூக்களில் அந்த மிச்சம் பெரும்பாலும் மௌனம்தான். மேல் அதிர்வெண்களில் மட்டும் சிறு வேறுபாடு தெரியலாம். பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்த ஈக்யூக்கள் விதிவிலக்கு, அவை கொஞ்சம் சிதைவையும் வேண்டுமென்றே சேர்க்கும்.

அப்போ ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூ மாதிரி 150 டாலருக்கு மேல் விலையுள்ள ஈக்யூவை எதற்கு வாங்குகிறார்கள்? வேகத்துக்கு. திரை தெளிவாக இருக்கும், தேவையான இடத்தை மட்டும் தனியாகக் கேட்கலாம், நாள் முழுக்க மிக்ஸ் செய்பவருக்கு நேரம் மிச்சம். வாரம் ஒரு பாட்டு செய்பவருக்கு ரீப்பரில் இருக்கும் ரியாஈக்யூவோ, லாஜிக்கில் இருக்கும் சேனல் ஈக்யூவோ போதும். குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் குத்துகிறது என்றால் டைனமிக் ஈக்யூ தேவைப்படும். அதற்கும் டோக்கியோ டான் லேப்ஸின் 'நோவா' இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கே வெட்டலாம்? கட்டைக் கணக்கு

'குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு' என்று யூடியூபில் எல்லோரும் சொல்வார்கள். கர்நாடக இசையில் இதைக் கண்மூடிச் செய்யக் கூடாது. முதலில் ஸ்ருதியைப் பாருங்கள்.

• பாட்டி 5 கட்டையில் பாடினால் ஆதார ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்திர ஸ்தாயி பஞ்சமம் 147. 100-க்குக் கீழே வெட்டினால் குரலுக்குப் பாதிப்பு இல்லை.
• 1 கட்டையில் பாடும் ஆணுக்கு ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. இங்கே 100-ல் வெட்டினால் குரலின் அடியிலேயே கை வைக்கிறீர்கள். 70 பக்கம் நிறுத்துங்கள்.
• மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இன்னும் கீழே இறங்கும். அந்த ட்ராக்கில் இந்த வெட்டே வேண்டாம்.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வயரிங்கால் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் 50, 100, 150 என்ற இடங்களில் உட்கார்ந்திருக்கும். அங்கே குறுகலாக வெட்டலாம். டப்பா ஒலி பொதுவாக 200 முதல் 400 வரை. 'ஸ', 'ஷ' குத்துவது 5,000 முதல் 8,000 வரை. கண்ணால் பார்த்து உறுதி செய்ய வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற இலவச அனலைசர் உதவும். ஆனால் முடிவு காதுடையது.

மிருதங்கத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் வலந்தலையில் எழும் மேற்சுரங்கள், மற்றத் தோல் வாத்தியங்களைப் போல் இல்லாமல், தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்காக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அதனால்தான் அது ஸ்ருதியோடு சேர்கிறது. ஈக்யூவால் அதை ஆழமாகச் செதுக்கினால் அந்தச் சேர்க்கையே பலவீனமாகிவிடும்.

ரிவெர்ப் ஏன் வேறு கதை?

ஸ்ரீவராகத்திலிருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் பத்மநாபசுவாமி கோயில் கிழக்கு வாசல் பக்கம் நவராத்திரி மண்டபம் வரும். ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள் பாடப்படும் இடம். எண்ணெய் விளக்கு வெளிச்சம், கைதட்டல் கிடையாது. பெண்கள் மேடையேறாத அந்த மண்டபத்தில் 2006-ல் முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பி. பொன்னம்மாள். மேற்கூரையிலிருந்து மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பது ஒலிக்காகத்தான் என்பார்கள்.

பக்கத்திலேயே குதிரைமாளிகை. ஒவ்வொரு ஜனவரியிலும் அதன் முற்றத்தில், திறந்தவெளியில், சுவாதி சங்கீதோத்ஸவம் நடக்கும். ஒரே கிருதியை இந்த இரண்டு இடத்திலும் கேட்டால் வேறு வேறாக இருக்கும். மண்டபத்தில் கூரையும் சுவரும் குரலைத் திருப்பித் தருகின்றன. முற்றத்தில் குரல் வானத்துக்குப் போய்விடுகிறது.

ரிவெர்ப் ப்ளக்இன் செய்வது, இந்த இரண்டில் எந்த இடத்தில் உங்கள் பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்வதைத்தான். அதை இரண்டு வழிகளில் செய்கிறது.

ஒன்று, கான்வல்யூஷன். நிஜமான ஓர் இடத்தில் பலூனை உடைத்தோ, சோதனை ஒலியை ஒலிபரப்பியோ, அந்த இடம் எப்படிப் பதில் சொல்கிறது என்று பதிவு செய்து வைத்துக்கொள்வது. இடத்தின் புகைப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2001-ல் வந்த ஆல்டிவெர்ப் இந்த வழியில் முன்னோடி.

இரண்டு, அல்காரிதம். எந்த நிஜ இடத்தையும் படம் பிடிக்காமல் கணக்கு வழியாகவே ஓர் இடத்தை உருவாக்குவது. பெல் லேப்ஸில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960-களின் தொடக்கத்தில் போட்ட பாதை. இது ஓவியம். ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் வேறு, அதனால் ஒலியும் வேறு. ஈக்யூவில் செய்த கழித்தல் சோதனை இங்கே பலிக்காது.

எத்தனை நொடி வைக்கலாம்?

பலர் தவறுவது இங்கேதான். ப்ரீசெட் பட்டியலில் 'கதீட்ரல்' என்று இருக்கும். கேட்டதும் பிரமாதமாக இருக்கும். ஆனால் பாட்டியின் கமகம் காணாமல் போயிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 அட்சர வேகத்தில் ஆதி தாளம் என்றால் ஓர் அட்சரம் 0.8 நொடி. அட்சரத்துக்கு நாலு ஸ்வரம் பாடினால் ஒரு ஸ்வரத்துக்கு 0.2 நொடி.

• ரிவெர்ப் 2.5 நொடி என்றால், அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தையதின் வால் சுமார் 5 டெசிபெல்தான் குறைந்திருக்கும். இரண்டும் மோதும்.
• 1 நொடி என்றால் 12 டெசிபெல் குறைந்திருக்கும். ஸ்வரம் தனியாகத் தெரியும்.

கமகம் என்பதே ஸ்வரங்களுக்கு இடையிலான வழுக்கல். நீண்ட வால் அந்த வழுக்கலை மெழுகிவிடும். எனவே கீர்த்தனைக்கு 0.8 முதல் 1.5 நொடி வரை என்று தொடங்கலாம். தாளமில்லாத விருத்தம், மெதுவான ஆலாபனை என்றால் கொஞ்சம் கூட்டலாம். தம்புராவுக்கு ரிவெர்ப் அநேகமாகத் தேவையே இல்லை. ஓயாமல் ஒலிப்பதன் வால் யாருக்கும் கேட்காது.

'ப்ரீ-டிலே' என்ற குமிழையும் விட்டுவிடாதீர்கள். 20 மில்லிநொடி வைத்தால், முதல் எதிரொலி நேரடிக் குரலைவிடச் சுமார் 7 மீட்டர் அதிகம் சுற்றி வருவதாக அர்த்தம். சொல் தெளிவாக முன்னால் நிற்கும், மண்டபம் பின்னால் நிற்கும்.

சரி, எதை எடுக்கறது?

• செலவே வேண்டாம்: ட்ராகன்ஃப்ளை ரிவெர்ப், ஓரில்ரிவர் இரண்டும் இலவசம். ரீப்பரோடு வரும் ரியாவெர்ப் கான்வல்யூஷன் செய்யும். அதற்கு வேண்டிய இடப் பதிவுகள் யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் கிடைக்கும். லாஜிக் வைத்திருப்பவருக்கு ஸ்பேஸ் டிசைனரும் குரோமாவெர்ப்பும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.
• ஒன்று மட்டும் வாங்கலாம் என்றால்: வால்ஹல்லா ரூம் அல்லது வின்டேஜ்வெர்ப், ஒவ்வொன்றும் 50 டாலர். இயல்பான அறை வேண்டுமென்றால் முதலாவது. 70, 80-களின் ஸ்டுடியோ ஒலி வேண்டுமென்றால் இரண்டாவது. இதே நிறுவனத்தின் சூப்பர்மாசிவ் இலவசம்தான். ஆனால் அது பிரம்மாண்ட விண்வெளி ஒலிக்கானது, கீர்த்தனைக்குப் பொருந்தாது.
• வாங்கும் முன்: உங்கள் மென்பொருள் எந்த வடிவத்தை ஏற்கும் என்று பாருங்கள். கராஜ்பேண்ட், லாஜிக் இரண்டும் ஏயூ மட்டுமே ஏற்கும். ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும். விண்டோஸில் பெரும்பாலும் விஎஸ்டி3. டாலர் விலையோடு வரியும் கார்டு கட்டணமும் சேரும். 'கிராக்' பதிப்பு வேண்டாம், ஆபீஸ் வேலை இருக்கும் லேப்டாப்பில் வைரஸை நீங்களே அழைத்து வந்த கதையாகிவிடும்.

எதை எடுத்தாலும் ரிவெர்ப்பைத் தனி சேனலில் போட்டு 'சென்ட்' வழியாகக் குரலை அனுப்புங்கள். அந்தச் சேனலில் மட்டும் ஓர் ஈக்யூ வைத்து 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குழப்பம் பாதி குறையும். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவின் பழைய பழக்கம் இது. அங்கே 600-க்குக் கீழேயும் 10,000-க்கு மேலேயும் வெட்டிவிடுவார்கள்.

எந்த ப்ளக்இன்னாலும் முடியாதது

இப்போது அந்த டப்பா ஒலிக்கு வருவோம். 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம். டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சுச் சுவர். ஹார்வர்டில் வாலஸ் சபைன் கண்டுபிடித்த சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை மொத்தமாக உறிஞ்சும் அளவால் வகுக்க வேண்டும்.

வெறும் அறையின் பரப்புகள் ஒலியில் 5 சதவீதம் உறிஞ்சுவதாக வைத்தால் விடை சுமார் 1.7 நொடி. மெத்தை, கனமான திரைச்சீலை, திறந்து வைத்த துணி அலமாரி என்று சேர்த்து சராசரி 20 சதவீதம் ஆனால் 0.43 நொடி.

அதாவது பாட்டியின் குரலில் ஏற்கெனவே ஒரு ரிவெர்ப் ஒட்டியிருக்கிறது, அதுவும் குளியலறை மாதிரியான ஒன்று. அதன்மேல் எவ்வளவு அழகான மண்டபத்தைச் சேர்த்தாலும், குளியலறைக்குள் மண்டபம் கட்டிய மாதிரிதான் இருக்கும். ஒட்டிய ரிவெர்ப்பை நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. கொஞ்சம் நீக்கும், கூடவே குரலையும் கொஞ்சம் தின்னும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பாட்டியைப் படுக்கை அறையில், துணி அலமாரி பக்கமாக உட்கார வையுங்கள். மைக்கை ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பத்து நொடி பதிவு செய்து, கேட்டு, பிறகு முழுப் பாட்டு.

மிக்ஸ் செய்யும்போது ப்ளக்இன்னை அணைத்தும் போட்டும் ஒப்பிடுங்கள், ஆனால் ஒரே சத்த அளவில். சத்தம் கூடினாலே 'நல்லாயிருக்கு' என்று காது சொல்லிவிடும்.

கடைசியாக, எந்த ஈக்யூவும் ரிவெர்ப்பும் படாத மூலப் பதிவை 24-பிட் வேவ் ஃபைலாக இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருடம் இன்னும் நல்ல ரிவெர்ப் வரும். மிக்ஸை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பாட்டியை மறுபடி அதே மாதிரி பாடச் சொல்ல முடியாது.