லோமே உடன்படிக்கை

லோமே உடன்படிக்கை என்பது, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அங்கத்தினராகிய 9 நாடுகளும், ஆப்பிரிக்கா, கரீபியக் கடல், பசிபிக் மாசமுத்திரம் ஆகிய பிரதேசங்களைச் சேர்ந்த 46 வளரும் நாடுகளும், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள டோகோவின் தலைநகரான லோமேயில் 1975 பிப்ரவரி 28ஆம் நாள் கையெழுத்திட்ட வர்த்தக, உதவி ஒப்பந்தமாகும். மூன்று முறை புதுப்பிக்கப்பட்டு இந்நூற்றாண்டின் வாயில் வரையில் வழக்கில் இருந்த இவ்வொப்பந்தம், செல்வ நாடுகள் வறிய நாடுகளுக்கு அளிக்கும் சலுகையை, கொடுப்பவர் மனம் மாறியபோது மடக்கிக்கொள்ளும் தர்மமாக வைக்காமல், இரு தரப்பாரும் கூடி எழுதிய சரத்துக்களால் கட்டுண்ட உரிமையாக ஆக்க முயன்றதனாலேயே வர்த்தக சரித்திரத்தில் தனியிடம் பெறுகிறது.

இதன் வேர் 1957இல் ரோமாபுரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையில் இருக்கிறது. ஆறு நாடுகள் கூடிப் பொதுச் சந்தை ஒன்றை அமைக்க முற்பட்டபோது, தன் ஆதிக்கத்திலிருந்த ஆப்பிரிக்கப் பிரதேசங்களையும் அதனோடு பிணைத்தாலன்றித் தான் சேர்வதற்கில்லை என்று பிரான்ஸ் பிடிவாதமாக நின்றது. அதன் பயனாக அப்பிரதேசங்களுக்கென்று ஓர் அபிவிருத்தி நிதியும் சுங்கச் சலுகையும் ஏற்பட்டன. 1960ஐ ஒட்டி அவற்றுள் பெரும்பாலானவை சுதந்திரம் அடைந்துவிடவே, பழைய பந்தத்தைப் புதிய பெயரால் தொடர வேண்டிய அவசியம் நேர்ந்து, 18 ஆப்பிரிக்க நாடுகளோடு 1963 ஜூலையில் காமரூன் தலைநகராகிய யவுண்டேயில் ஓர் ஒப்பந்தம் முடிவாயிற்று. ஐரோப்பா தன் சந்தையைத் திறப்பதற்கு ஈடாக, ஆப்பிரிக்க நாடுகளும் ஐரோப்பியச் சரக்குக்குத் தம் சந்தையில் முன்னுரிமை தரவேண்டும் என்பது யவுண்டே ஏற்பாட்டின் விதி. நிலக்கடலை விற்கும் நாடும் இயந்திரம் விற்கும் நாடும் ஒரே அளவு சலுகையைப் பரிமாறிக்கொள்வதில் சட்டத்தின் கண்ணுக்குக் குறை ஒன்றும் தோன்றாது; ஆனால், இளந்தொழில் ஏதேனும் தொடங்க நினைத்த ஆப்பிரிக்க அரசுக்கு அந்தச் சமத்துவம் கைவிலங்காகவே முடிந்தது.

1973 ஜனவரி முதல் நாள் பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் விஷயம் விரிந்தது. காமன்வெல்த்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் அனைத்துக்கும் அழைப்புச் சென்றது; இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் செல்லவில்லை. ஜனத்தொகையாலோ ஆலைத்தொழிலாலோ பெரியவையான ஆசிய தேசங்களின் துணியும் பிற பண்டமும் தடையின்றி உள்ளே வருவதை ஐரோப்பா விரும்பவில்லை என்பதே இதற்கு உண்மைக் காரணம். வணிக உறவை வளர்க்கும் நோக்கம் உண்டு என்ற ஒரு பிரகடனமும், அதன் பின் இந்தியாவோடு 1973இல் செய்ததுபோன்ற தனித்தனி வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தங்களும் மட்டுமே ஆசியாவின் பங்குக்குக் கிடைத்தன. லோமேயின் பாதுகாப்புப் பெற்ற விளைபொருள்களின் ஜாபிதாவில் தேயிலை இருந்தது. தேயிலையையே நம்பி வாழ்ந்த இலங்கை அந்தக் கூட்டத்தில் இல்லை. வறுமையை அளந்து பாராமல், முன்பு யார் யாருடைய ஆட்சியில் இருந்தார், எந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவர் என்பதை வைத்தே இடம் ஒதுக்கிய இந்தக் கோளாறு, பிற்காலத்தில் ஒப்பந்தத்தின் உயிருக்கே உலை வைத்தது.

பேச்சுவார்த்தை நடந்த காலம் வறிய நாடுகளுக்கு அபூர்வமான சுபவேளையாக அமைந்தது. 1973இன் இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியிருந்தது. 1974இல் சர்க்கரை விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. கச்சாப்பொருள் கிடைக்காமற் போகுமோ என்ற பயம் ஐரோப்பியத் தலைநகரங்களைப் பற்றிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்கரையும் ஆங்கிலம் பேசும் ஆப்பிரிக்கரையும் தனித்தனியே அழைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு எதிரில், நைஜீரியாவின் ஊக்கத்தால், 46 நாடுகளும் ஒரே குரலில் பேசின. செனகலின் பாபக்கர் பா, கயானாவின் ஸ்ரீதத் ராம்பால், ஜமைக்காவின் பி. ஜே. பாட்டர்சன் முதலியோர் அக்குரலுக்கு உருவம் தந்தவர்கள். எதிர்த் தரப்பில் ஐரோப்பிய ஆணையத்தின் குளோது செய்சோன் அனுதாபத்தோடு செவி சாய்த்தார்.

ஒப்பந்தத்தின் தலையாய அம்சம், பிரதி உபகாரம் கேளாமை. இந்நாடுகளின் ஏற்றுமதிப் பண்டங்களுள் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பாவுக்குள் சுங்கவரியின்றிப் புகலாம். பதிலுக்கு ஐரோப்பியச் சரக்குக்கு அவை முன்னுரிமை தரவேண்டியதில்லை. எனினும், திறந்த கதவுக்கும் ஒரு நிலைப்படி இருந்தது. ஐரோப்பிய உழவர்களின் விளைச்சலோடு போட்டியிடும் பொருள்களுக்குத் தடை நீடித்தது. ஒரு பண்டம் எந்த நாட்டில் பிறந்தது என்பதை நிர்ணயிக்கும் விதிகளும் கடுமையாக இருந்தன. ஓர் ஆப்பிரிக்க நாட்டின் தொழிற்சாலையில், அந்நாட்டுக் கூலியாட்கள் அடைத்த சூரைமீன் டப்பாவானாலும், திறந்த கடலில் அந்த மீனைப் பிடித்த கப்பல் ஐரோப்பியருக்கோ இக்கூட்டத்து நாட்டாருக்கோ பாதியளவேனும் சொந்தமானதாக இராவிட்டால், அது அந்நாட்டுச் சரக்கு என்று ஒப்பப்படாது. கப்பல் வாங்க வசதியற்ற நாட்டுக்கு இச்சலுகை எவ்வளவு பிரயோஜனப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லோமேயின் புதுமை என்று எல்லாரும் போற்றியது, ‘ஸ்டாபெக்ஸ்’ என்னும் ஏற்றுமதி வருமான நிலைநிறுத்தத் திட்டமாகும். நிலக்கடலை, கொக்கோ, காப்பி, பருத்தி, தேங்காய், வாழை, மரம் முதலிய பொருள்களுள் ஏதேனும் ஒன்று, ஒரு நாட்டின் மொத்த ஏற்றுமதி வருவாயில் 7.5 சதவீதமாவது இருக்கவேண்டும். ஐரோப்பாவுக்கு விற்று அப்பொருளால் வந்த வருவாய், முந்தைய நான்கு ஆண்டுகளின் சராசரிக்கு 7.5 சதவீதமாவது குறைந்திருக்கவேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் அந்நாடு குறைவை ஈடுசெய்யுமாறு ஐரோப்பிய ஆணையத்தைக் கேட்கலாம். மிக வறிய நாடுகளுக்கும், கடற்கரையற்ற நாடுகளுக்கும், தீவுகளுக்கும் இவ்விரு அளவும் 2.5 சதவீதமாகத் தளர்த்தப்பட்டன. சராசரி நூறாக இருந்து இவ்வாண்டு எண்பதே வந்ததென்றால் மிச்சம் இருபதும் நிதியிலிருந்து கிடைக்கும். மிக வறிய நாடுகள் அதனைத் திருப்பித் தரவேண்டாம், மற்றவை நல்ல காலம் வந்தபின் வட்டியின்றித் தந்தால் போதும். மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் கணக்கு ஒன்றே. முதல் ஐந்தாண்டுக் காலத்தில் மிகுதியாகப் பெற்றது நிலக்கடலையை நம்பிய செனகல். ஆனால், 1980இலும் 1981இலும் காப்பி, கொக்கோ விலைகள் ஒருங்கே சரிந்தபோது, கேட்டவர் பலராய்ப் பணம் போதாமற் போய், நியாயமான உரிமையில் ஏறக்குறைய பாதியே கொடுக்க முடிந்தது. இன்னும் ஆழமான குறை ஒன்றும் உண்டு: கொக்கோக் கொட்டையின் வருமானத்துக்குக் காவல் இருந்ததேயன்றிக் கொக்கோவைச் சாக்லெட்டாக்கும் தொழிலுக்கு அதில் ஊக்கம் ஏதும் இல்லை.

சர்க்கரையின் கதை வேறு. 1951 முதல் காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தத்தின்படி பிரிட்டன் வாங்கிவந்ததை இனி ஐரோப்பா ஏற்கவேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் ஏறக்குறைய 13 லட்சம் டன் கரும்புச் சர்க்கரையை உத்தரவாத விலையில், காலவரையறையின்றி வாங்குவதென்று ஒரு தனி நெறிமுறை எழுதப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மொரீஷியஸுக்கு உரியது. தமிழரும் பிற இந்தியரும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று கரும்பு நட்ட அந்தத் தீவும், அவ்வாறே தென்னிந்தியர் உழைத்த ஃபிஜியும், ஐரோப்பிய உள்நாட்டு விலையையே தழுவிய அவ்விலையால் பல்லாண்டு பலன் அடைந்தன. மொரீஷியஸ் அவ்வருவாயை ஆயத்த ஆடைத் தொழிலில் போட்டு முன்னேறியது. மறுபுறம், பீட்ரூட் சர்க்கரை மிஞ்சிக் கிடந்த ஐரோப்பா, தான் இவ்வாறு வாங்கிய அளவுக்குச் சமமான சர்க்கரையை மானியம் கொடுத்து உலகச் சந்தையில் தள்ளி, இக்கூட்டத்தில் இடம்பெறாத வறிய கரும்பு நாடுகளின் வயிற்றில் அடித்ததையும் மறைப்பதற்கில்லை.

பின்வந்த புதுப்பிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1979இன் இரண்டாம் லோமே, செம்பு, கோபால்ட் முதலிய கனிஜங்களுக்கு ஒரு நிதி சேர்த்தது. 1984இல் மூன்றாவது வந்தது. 1989இன் நான்காவது, பத்தாண்டுக் காலத்துக்கென்று செய்யப்பட்டு, மனித உரிமையையும் ஒப்பந்தத்துக்குள் கொணர்ந்தது. இதற்கிடையே, ஐரோப்பாவின் இறக்குமதியில் இந்நாடுகளின் பங்கு 1976இல் இருந்த 6.7 சதவீதத்திலிருந்து 1994இல் 2.8 சதவீதமாகத் தேய்ந்துவிட்டது. இவ்வளவு சலுகை இல்லாத ஆசிய நாடுகள் இதே காலத்தில் ஐரோப்பியச் சந்தையை நிறைத்தன என்பதைக் காண்கையில், சுங்கவரி இன்மை ஒன்றே வர்த்தகத்தை வளர்த்துவிடாது என்பது விளங்கும்.

ஒப்பந்தத்தை வீழ்த்தியது வாழைப்பழம். ஐரோப்பா 1993இல் ஏற்படுத்திய வாழை இறக்குமதி விதிகள், செயின்ட் லூசியா, டொமினிக்கா முதலிய சிறு தீவுகளின் பழத்துக்குப் பாதுகாப்பளித்து, இலத்தீன் அமெரிக்கப் பழத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன. சலுகை தருவதானால் வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகவோ மிக வறியவற்றுக்கு மட்டுமோ தரவேண்டும் என்பது சர்வதேச வர்த்தக விதி; லோமே கூட்டமோ இவ்விரண்டிலும் அடங்காது. ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நாடுகளோடு அமெரிக்காவும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் 1997இல் ஐரோப்பா தோற்றது. 1999இல் அமெரிக்கா 19.14 கோடி டாலர் மதிப்புக்கு எதிர் நடவடிக்கை எடுத்தது. பெருங்கம்பெனிகளின் நலன் அவ்வழக்கின் பின்னே இருந்தது மெய்யே. ஆனால், ஈக்வடார் தோட்டக் கூலியாள் கரீபியக் குடியானவனைவிடச் செல்வன் அல்லன் என்ற வாதத்துக்கு ஐரோப்பாவிடம் தக்க விடையும் இல்லை.

2000 ஜூன் 23இல் பெனின் நாட்டின் கோட்டனூவில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை லோமேயின் இடத்தைப் பெற்றது. ஒருதலைச் சலுகை 2007இன் இறுதியோடு முடியும், அதன்பின் பிரதேசந்தோறும் பரஸ்பரச் சந்தைத் திறப்பு ஒப்பந்தங்கள் செய்துகொள்ளவேண்டும் என்று அது விதித்ததால், யவுண்டே ஏற்பாட்டில் இடம்பெற்று லோமேயில் நீங்கிய பரஸ்பரம் மீண்டும் உள்ளே வந்தது. காலவரையறையற்றது என்று எழுதப்பட்ட சர்க்கரை நெறிமுறையும், 2007இல் ஐரோப்பா கொடுத்த ஈராண்டு அறிவிப்பின் பேரில் 2009 செப்டம்பரில் முற்றுப்பெற்றது.

புதிய ஒப்பந்தங்களைக் கரீபிய நாடுகள் 2008இல் ஏற்றன. தென் ஆப்பிரிக்கப் பிரதேசத்தின் ஆறு நாடுகள் 2016இல் ஏற்றன. நைஜீரியா மறுத்தது, அதன் எண்ணெய்க்கு ஐரோப்பாவில் எப்படியும் வரியில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவும் உகாண்டாவும், மிக வறிய நாடுகளுக்கு 2001 முதல் ஐரோப்பா அளித்துவரும் ‘ஆயுதம் தவிர எல்லாம்’ என்னும் வரிவிலக்கைப் பெறுவதால், கையெழுத்திட அவசரப்படவில்லை. அப்பட்டியலில் சேராத கென்யாவின் நிலை அவ்வாறில்லை. இடைக்கால ஏற்பாடாக அதுவரை நீடித்துவந்த சலுகை 2014இன் இறுதியில் சில வாரங்கள் நின்றதும் அதன் மலர்த் தோட்டக்காரர்கள் வரி கட்ட நேர்ந்தது. அண்டை நாடுகளுக்காகப் பல ஆண்டு காத்திருந்த கென்யா, 2023 டிசம்பரில் நைரோபியில் ஐரோப்பாவோடு தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் அவ்வேற்பாட்டின்படி, கென்யப் பண்டம் உடனே வரியின்றி ஐரோப்பா செல்கிறது. ஐரோப்பியச் சரக்கின் மீதுள்ள தன் வரியைக் கென்யா நீண்ட தவணையில் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.