நடுச்சுவரைத் தாண்டி வரும் சத்தம்: திட்ட வீடுகளில் என்ன செய்யலாம்?

யுத்தத்திற்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் எழுந்த திட்ட வீடுகளில் பல 550 சதுர அடி அளவிலானவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த உதவி 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அந்தக் காசில் சுவரும் கூரையும் எழுந்தன. சீலிங் பலருக்கு எட்டவில்லை. செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில் நான் அடிக்கடி கேட்ட முறைப்பாடு, ஓர் அறையில் பேசுவது மற்ற அறைகளுக்கும் கேட்கிறது என்பதுதான்.

இது வெறும் வசதிக் குறைவு அல்ல. ஷெல் வெடிப்பில் செவி பாதிக்கப்பட்டவர் தொலைக்காட்சியைக் கூட்டித்தான் வைப்பார். அடுத்த அறையில் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும். கதவு அடிபட்டாலே திடுக்கிட்டு எழும்புகிற அம்மாவும் அதே வீட்டில் இருப்பார். இதில் யாரிலும் பிழை இல்லை.

முதலில் இடைவெளி

இரு பக்கமும் பூசிய 4 அங்குல கல்லுச்சுவர் ஏறத்தாழ 40 டெசிபல் சத்தத்தைத் தடுக்கும். ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே தடுப்பு 20 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். சீலிங் இல்லாத வீட்டில் நடுச்சுவர் கூரைக்குக் கீழே நின்றுவிட்டால், சத்தம் அதன் மேலால் ஏறி வருகிறது. அப்போது சுவரைத் தடிப்பாக்குவதில் பயனில்லை.

மரச்சட்டம் அடித்து, இருபுறமும் ஜிப்சம் பலகை பொருத்தி அந்த இடைவெளியைக் கூரை வரை மூடலாம். மேலே கல் அடுக்குவதென்றால் சுவர் பாரம் தாங்குமா என்று மேசனிடம் கேட்க வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டிப் பயன்படுத்தாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. இடைவெளியை மூடினால் சூடு வெளியேறும் வழியும் குறையும் என்பதால், வெளிச்சுவரில் காற்றோட்டத் துவாரங்கள் இருக்க வேண்டும்.

அடுத்தது கதவு. கீழ் இடைவெளிக்கும் நிலையைச் சுற்றியும் இறப்பர் பட்டி ஒட்டினால் பேச்சும் குறையும், கதவு அடிபடும் சத்தமும் குறையும்.

பிறகு சுவர்

பூசாத சீமெந்துக் கல்லில் நுண்துளைகள் அதிகம். ஒரு பக்கமாவது முழுமையாகப் பூசுங்கள். வெடிப்புகளையும், சுவரின் இரு பக்கமும் நேருக்கு நேர் உள்ள பிளக் பெட்டிகளின் ஓரங்களையும் அடையுங்கள். இன்னும் வேண்டுமென்றால், சுவரில் முட்டாமல் சில அங்குலம் தள்ளிச் சட்டம் நிறுத்தி, இடையில் கல்நார்ப் பஞ்சு அல்லாத கனிமப் பஞ்சு வைத்து, ஜிப்சம் பலகை அடிக்கலாம்.

முட்டைத் தட்டுகளும் ஸ்பொஞ்சும் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். சுவரைத் தாண்டும் சத்தத்தைத் தடுக்காது. இலகுவில் தீப்பற்றவும் கூடும்.

காசு செலவில்லாத வேலைகளும் உண்டு. தொலைக்காட்சியை நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியை நடுச்சுவரோடு வையுங்கள்.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

எல்லோருக்கும் முழு அமைதி ஆறுதல் தராது. வீட்டாரின் குரல் கேட்டால்தான் நித்திரை வருகிறவர்கள் இருக்கிறார்கள். நிசப்தமான அறையில் சிறு சத்தமும் பெரிதாகத் திடுக்கிட வைக்கும். மின்விசிறியின் ஒரே சீரான ஓசை அதை ஓரளவு மறைக்கும். அறையில் படுப்பவரிடம் கேட்காமல் அடைக்காதீர்கள். திடுக்கிடலும் நித்திரையின்மையும் தொடர்ந்தால் அதற்குச் சுவர் வேலை மருந்தாகாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்திற்கும் அழைக்கலாம்.